மீன்பிடிப் பூனையின் இடது கண்

பிலிமத்தலாவை
06.02.2024

அன்புள்ள தங்கச்சி பிரேமிளாவுக்கு,

தாஸிம் நானா எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே, உள்ளே ஒரு மெமரி கார்ட் இருக்கிறது. போன் எடுத்தால் நீ பேசுவதில்லை. வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இப்போதுதான் முதல் தடவையாக ஒரு முழுக் கடிதம் எழுதுகிறேன். மடுல்கெல்ல பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ ஸ்டூடியோவை விட்டுப் போய் ஐந்து மாதம். உன் இடத்துக்கு ஒருவரை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாளே ஒரு மாப்பிள்ளையின் மீசையில் பாதியை அழித்துவிட்டார். படத்தைத் திருத்துகிற வேலைக்கு உன் கை போல வராது. இதை முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கலகெதரப் பக்கம் காயம்பட்ட மிருகங்களை வைத்துப் பார்க்கிற ஒரு சிறிய காப்பகம் இருக்கிறது. அதை நடத்துகிற டொக்டர் மதுஷா ஸ்டூடியோவுக்கு வந்தார். சனங்கள் மிருகங்களைப் பார்க்க வருகிறார்களாம், ஒவ்வொரு கூட்டுக்கும் முன்னால் அதன் முகத்தைப் பெரிதாக எடுத்து மாட்டவேண்டுமாம். பன்னிரண்டு முகங்கள். “மிருகம் மாதிரி எடுக்க வேணாம் மஹத்தயா, ஆள் மாதிரி எடுங்க” என்றார், சிங்கள மரியாதையோடு.

எனக்குத் தெரிந்தது அடையாள அட்டைப் படம்தானே? காது இரண்டும் தெரியவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், நேரே பார்க்கவேண்டும். அதே நினைப்பில் பின்னால் கட்டுகிற நீலத் துணியையும் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் எடுக்கப்போன குரங்கு அந்தத் துணியை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டது. நடுவகிடு எடுத்துச் சீவியது போல தலைமயிர் அதற்கு. “முகத்த கொஞ்சம் தூக்குங்க” என்று வழக்கம்போல் சொல்லிவிட்டேன். கூட நின்ற கஜலட்சுமி அக்கா சிரித்துச் சிரித்துக் கூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் அங்கே மிருகங்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்.

பிறகு அது சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பிரேமிளா, இருபத்திரண்டு வருஷமாக முகம் எடுக்கிறேன். என் முன்னால் உட்கார்ந்த எல்லாரும் லென்ஸைத்தான் பார்த்தார்கள். இது லென்ஸை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து, அதற்குப் பின்னால் இருப்பது யார் என்று என்னைத் தேடிப் பார்த்தது. “மாஷா அல்லாஹ்” என்று வாயில் தானாக வந்தது. படம் எடுக்கவே மறந்துபோய் நின்றேன்.

கார்டில் ஐந்து முகங்கள் இருக்கின்றன. கம்பி நிழல், வைக்கோல், அழுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கித் தா. நடந்ததை மறந்துவிடு.

தாஸிம் நானா


மடுல்கெல்ல
11.02.2024

தாஸிம் நானாவுக்கு,

கார்ட் கிடைத்தது. கொண்டக்டர் கடைத்தெருவில் நான்கு பேரிடம் விசாரித்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஆளனுப்பினார். பிலிமத்தலாவையிலிருந்து எனக்குப் பார்சல் வந்த கதை இப்போது தோட்டம் முழுக்கத் தெரியும். நன்றி.

நடந்ததை மறந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். அந்தக் கல்யாணப் பொண்ணு என் நிறம். நல்ல லட்சணமான முகம். நீங்கள் என் கதிரைக்குப் பின்னால் நின்று “இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும், இன்னும் கொஞ்சம்” என்று சொன்னீர்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அல்பத்தை விரித்ததும் அவள் “இது நானே இல்லையே” என்று அழுதாள். அவள் அப்பா சத்தம் போட்டார். அப்போது நீங்கள் என்னைக் கையால் காட்டி “அந்தப் புள்ள கொஞ்சம் ஓவரா செஞ்சிட்டா” என்றீர்கள். பதினொரு வருஷ வேலை அந்த ஒரு விரல் நீட்டலில் போய்விட்டது. இதை நான் மறக்கவேண்டும் என்றால் முதலில் நீங்கள் ஞாபகப்படுத்திப் பார்க்கவேண்டும்.

வேலையை முடித்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்காகச் செய்யவில்லை, கார்டில் இருந்த தேவாங்குக்காகச் செய்தேன். வைக்கோலை எடுப்பதற்காக அதன் கண்ணைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மனுஷர் முகத்தைப் பெரிதாக்கினால் குறைதான் கூடிக்கொண்டே வரும், உங்களுக்கே தெரியும். இதில் போகப் போக அழகுதான் வந்தது. தேன் நிறத்தில் கோடு கோடாக, நடுவிலிருந்து விரிந்துகொண்டே போகிறது. எனக்கு மவுஸைத் தொடவே பயமாக இருந்தது. அரைமணி நேரம் ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் நடத்துகிற கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த கார்ட் இருந்தால் அனுப்புங்கள்.

பிரேமிளா


பிலிமத்தலாவை
27.02.2024

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

அந்தப் பொண்ணு விஷயத்தைப் பற்றி நேரில் பேசுவோம். இப்போது இதைக் கேள்.

மற்ற ஆறையும் எடுத்தாயிற்று. மலைப்பாம்புக்குக் காது எங்கே என்று தேடினேன். செதிளுக்குள் சுருண்டு கிடந்த அழுங்கு முகத்தைக் காட்டுவதற்கு ஒரு பகல் முழுக்க யோசித்தது. மிச்சமிருந்தது ஒன்று, மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். குருநாகல் ரோட்டில் லொறி அடித்துக் கிடந்ததைக் கொண்டுவந்து ஏழு மாதமாகப் பார்க்கிறார்கள். ஆள் வாடை பட்டால் மரப்பெட்டிக்குள் போய் மூலையில் ஒடுங்கிவிடும். கஜலட்சுமி அக்காவே அதன் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை, மீனைப் போட்டுவிட்டு விலகிவிடவேண்டும். மயக்க மருந்து கொடுத்துத்தான் முதலில் வைத்தியம் பார்த்தார்களாம். அதில் மூச்சு நின்று தப்பியதே பெரிய பாடாகிவிட்டது. இனி அந்த மருந்து கிடையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கூட்டுக்கு முன்னால் மறைப்பாக நிறுத்திய தகரத்தில் ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் அதில் வைத்து, நான்கு விடியற்காலை உட்கார்ந்தேன். கிடைத்தது நுளம்புக்கடிதான். ஐந்தாவது நாள் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் நின்று தலையைத் தூக்கியது. பூனை என்று பெயர் வைத்தவனைக் கூட்டி வந்து காட்டவேண்டும். நெற்றியில் கறுப்புக் கோடுகள், மூக்குத் தடித்து, காது சின்னதாகத் தலையோடு ஒட்டி. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, இந்தப் படைப்புக்கு முன்னால் எனக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று படம் எடுத்தேன்.

பன்னிரண்டு முகங்களையும் கண்டியில், வாவிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், கண்காட்சியாக வைக்கப்போகிறார் டொக்டர். கீழே என் பெயர் போடுவாராம். கல்யாண அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்தியதைத் தவிர என் பெயர் எங்கும் வந்ததில்லை.

ஒரு குறை. பூனையின் இடது கண்ணில் பூ விழுந்தது போல வெள்ளை படர்ந்திருக்கிறது, லொறி அடித்ததால் வந்தது. இவ்வளவு ராஜ முகத்தில் அது வேண்டாம். கல்யாணப் படத்தில் ஒரு கண் மூடிக்கிடந்தால் மற்றக் கண்ணை எடுத்து ஒட்டிக் கொடுப்போமே, அப்படிச் செய்துவிடு. வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வை.

தாஸிம் நானா


மடுல்கெல்ல
03.03.2024

தாஸிம் நானாவுக்கு,

நேரில் பேசுவோம் என்றால் யார் யாரை வந்து பார்ப்பது என்று எழுதவில்லையே. சரி, விடுங்கள்.

பூனையைத் திறந்ததும் என் கதிரை தானாகப் பின்னுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

கண்ணை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அந்த வெள்ளையும் அதன் முகம்தானே என்று தோன்றியது. ஆனால் கண்காட்சி உங்களுடையது, பெயர் உங்களுடையது. சொன்னபடி செய்துவிட்டேன். திருப்பி ஒட்டினால் வெளிச்சப் புள்ளி தப்பான பக்கத்தில் விழும், அதை அழித்து மறுபக்கம் வைத்தேன். இமை மயிரைத் தனித்தனியாகப் போட்டேன். மூன்று நாள் வேலை. நானே மறுபடி பார்த்தபோது எது நிஜக் கண் என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன்.

அசல் படங்களையும் தனியாக வைத்திருக்கிறேன்.

பிரேமிளா


பிலிமத்தலாவை
19.03.2024

பிரேமிளா,

நோன்பு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பொய் எழுதமாட்டேன்.

படங்களை நேற்று டொக்டரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து “அனே, அனே” என்று உருகிக்கொண்டே வந்தார். பூனை வந்ததும் எழுந்து போய் அலுமாரியிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்து வந்தார், அது வந்த நாளில் போனில் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

ஏழு மாதமாக மீனுக்குள் மருந்து வைத்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளை கரையலாம், கரையாமலும் போகலாம் என்று இருந்திருக்கிறார். பெட்டிக்குள் கிடக்கிற மிருகத்தின் கண்ணைப் பார்க்க வழியில்லை, மயக்கவும் முடியாது. “கண்ணு தெளிஞ்சது! மஹத்தயா, நீங்கதான் எனக்குக் காட்டினது” என்று என் கையைப் பிடித்தார். கஜலட்சுமி அக்காவைக் கூப்பிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி அதைக் காட்டில் ஒரு ஓடைப் பக்கம் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அது ஓடுகிற தண்ணீரில் மீன் பிடிக்காது, காட்டில் பத்து நாள் தாங்காது என்று அவரே முன்பு எனக்குச் சொல்லியிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது கடுகஸ்தோட்டைப் பாலத்தில் நிறுத்திவிட்டேன், ஓட்ட முடியவில்லை.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் கெடுத்தேன் என்று தெரிந்தால் கண்காட்சி போய்விடும், என் பெயரும் போய்விடும். யோசித்துப் பார்த்தேன். நீ ஒரு கடிதம் எழுதித் தா. தாஸிம் நானாவுக்குத் தெரியாமல் நானாகவே கண்ணைத் திருத்திவிட்டேன் என்று. நீ மடுல்கெல்லவில் இருக்கிறாய், உன்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது, உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பூனையும் தப்பும், நானும் தப்புவேன். இதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்.

தாஸிம்


மடுல்கெல்ல
22.03.2024

தாஸிம் நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய்த் தேயிலைக்குள் நடந்தேன். திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். மாறவில்லை, அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு நீங்கள் விரலை நீட்டினீர்கள். இன்றைக்கு என் விரலை என் பக்கமே நீட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள். நஷ்டம் இல்லையாம்! நான் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது உங்களுக்கு வசதியாகத் தெரிகிறது. அந்தக் காப்பகத்தில் என் பெயர் முதன்முதலாகச் சொல்லப்படுவது ஒரு மிருகத்தைக் கொல்லப் பார்த்தவள் என்றா?

எனக்கும் பங்கு இருக்கிறது. மனசு வராத வேலையைச் செய்தேன். அதுவும் எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்று உங்களுக்குப் பெருமையாக வேறு எழுதினேன்.

இந்த உறையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று அசல் படங்கள் உள்ள கார்ட், வெள்ளைக் கண்ணோடு. மற்றது நீங்கள் கேட்ட கடிதம். நானாகவே செய்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உங்களைக் காப்பாற்ற எழுதவில்லை. நீங்கள் பயந்துபோய்ச் சும்மா இருந்துவிட்டால் அது செத்துப்போகும், அந்தப் பயத்தில் எழுதினேன். எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, நீங்களே பாருங்கள்.

இரண்டாம் தேதிக்கு முன்னால் போங்கள் நானா. கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரேமிளா


பிலிமத்தலாவை
28.03.2024

தங்கச்சி பிரேமிளாவுக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். யாரும் வாசிக்கவில்லை. நீயே கிழித்துப் போடு. நான் கிழித்தால் அதுவும் ஒளிப்பது போல இருக்கும்.

அன்றே போயிருக்கவேண்டும், இரண்டு நாள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். 26ஆம் தேதி காலையில் போனேன். டொக்டர் கூண்டு ஏற்றும் வாகனத்துக்கு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அசல் கார்டை மேசையில் வைத்தேன். “டொக்டர், கண் தெளியல்ல. படத்துல மாத்தினது. மாத்தச் சொன்னது நான். வேணாம்னு நெனச்ச புள்ளைய நான்தான் செய்யவெச்சேன்” என்று சொன்னேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்கு நான் செப்டெம்பரிலிருந்து ஆறு மாதமாக உன்னிடம் கடன்பட்டிருந்தேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. அசலைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாத மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்த நேரம் அது, அதற்கும் நான்தான் சாட்சி. பிறகு “போங்க” என்றார். கண்காட்சி இல்லை. கூட்டுக்கு முன்னால் மாட்டுகிற பட வேலையும் வேறு யாரிடமோ போகும். கேட்டில் கஜலட்சுமி அக்கா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் பூனையை விடவில்லை. நேற்று டொக்டரே போன் எடுத்துச் சொன்னார். கண் வைத்தியர் ஒருவருக்கு அசலை அனுப்பிக் கேட்டாராம், அந்தக் கண் இனிப் பார்க்காதாம். இங்கேயே இருக்கட்டும், தொட்டியைப் பெரிதாகக் கட்டிக் கொடுப்போம் என்றார். கடைசியில் ஒன்று கேட்டார். “அந்தப் படத்தைச் செஞ்சவங்க வந்து அதை நேர்ல பார்த்திருக்காங்களா?” இல்லை என்றேன். “வரச்சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். கோபமா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

பிரேமிளா, அந்தப் பொண்ணை வெளுக்கச் சொன்னது நான். இரண்டு தடவை நீ வேண்டாம் என்றாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது. அவள் அப்பாவுக்குப் பயந்து உன்னைக் காட்டிக்கொடுத்தேன். நான் செய்தது கேவலம். என்னை மன்னித்துவிடு. அந்த வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பிளேன்டீ கொண்டுவந்தாள். நோன்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் நானா,
தாஸிம்


மடுல்கெல்ல
21.04.2024

தாஸிம் நானாவுக்கு,

வருஷப் பிறப்புக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்த சாக்கில் எழுதாமல் இருந்துவிட்டேன். உங்கள் பெருநாளுக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வேலைக்கு வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். மே முதலாம் தேதி கழித்து வருகிறேன். ஆனால் வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொல்வேன், இரண்டாம் தடவை எழுந்து போய்விடுவேன்.

நேற்று நான் கலகெதரவுக்குப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் கூட வந்தால் பேசிக்கொண்டே இருப்பீர்கள். கண்டியில் பஸ் மாறி, மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயரைச் சொன்னதும் டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கஜலட்சுமி அக்காவைக் கூப்பிட்டு, என்னைத் தகரத்துக்குப் பின்னால் உட்காரவைக்கச் சொன்னார். “பேசக் கூடாது. அசையக் கூடாது. வராட்டி நாளைக்கும் வாங்க” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தேன். மழை தூறி விட்டது. கால் மரத்துப்போயிற்று. உங்கள் ஐந்து விடியற்காலைகளை நினைத்தேன், அதற்கு மட்டும் உங்களை மெச்சுகிறேன். ஐந்தரை மணி இருக்கும், பெட்டியிலிருந்து வந்தது.

படத்தில் அதன் மயிரையெல்லாம் எண்ணியவள் நான். அது இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தோள் எலும்பு தோலுக்குக் கீழே ஏறி இறங்குகிறது. பாதத்தை வைக்கிற இடத்தில் சேறுகூடச் சத்தம் போடவில்லை. எனக்கு இரண்டு கதிரை தூரத்தில் குறுக்காக நடந்தது. என் பக்கம் இருந்தது வெள்ளைக் கண். அது நேராக என் மேல் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்கு நான் அங்கே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து நான் பூசி மறைத்தது அதைத்தான். மாலை வெளிச்சத்தில் அது பால் போல, மழை பெய்த மலை போல இருந்தது. அதில் அழிக்க என்ன இருந்தது நானா?

என்னை அறியாமல் மூச்சை விட்டுவிட்டேன் போல. அது நின்றது. பெட்டிக்குள் ஓடப்போகிறது என்று நினைத்தேன். ஓடவில்லை. முன்காலை எடுத்து வைத்து, உடம்பு முழுவதையும் சுற்றித் திருப்பி, அந்த நல்ல கண்ணை எனக்கு நேரே கொண்டுவந்தது. ஓட்டைக்குள் இருந்த என் கண்ணைக் கண்டுபிடித்தது. இமைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது.

கஜலட்சுமி அக்கா வந்து தோளைத் தொட்டு, “என்னம்மா அழுறீங்க, வரலையா?” என்று கேட்டார்.

“வந்துச்சுக்கா. என்னைத் திரும்பிப் பாத்துச்சு” என்றேன்.

பிரேமிளா